காத்திருக்கும் வகுப்பு, ஓடும் பாடத்திட்டம்: கணிதத்தில் முழுத்தேர்ச்சி பற்றிய விவாதமும் வில்லரே பள்ளிகளும்

பின்னங்களைக் கூட்டும் பாடம் ஒரு வாரம் நடந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை சிறு சோதனை வைத்துப் பார்த்தால் வகுப்பில் பாதிப் பேருக்குப் பிடிபட்டிருக்கிறது. சிலருக்கு அரைகுறை. சிலர் இன்னும் மேலே உள்ள எண்களைத் தனியாகவும் கீழே உள்ளவற்றைத் தனியாகவும் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை ஆசிரியர் அடுத்த பாடத்தைத் தொடங்கலாமா? தொடங்கினால் விளங்காத பிள்ளை அதே குறையோடு விகிதத்துக்கும் சதவீதத்துக்கும் பிறகு இயற்கணிதத்துக்கும் போய்ச்சேரும். நின்றால் விளங்கிய பிள்ளை கொட்டாவி விடும், ஆண்டிறுதியில் பாடத்திட்டமும் முடியாது.

இந்த இக்கட்டுக்கு முழுத்தேர்ச்சிக் கற்பித்தல் என்ற பெயரில் ஒரு நூற்றாண்டாக விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் வழிகள் பல. அவை எங்கிருந்து வந்தன, எங்கே வலுவிழக்கின்றன, மொன்றியலின் வில்லரே போன்ற ஒரு பகுதிக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்பதே இங்கு ஆராயப்படுவது. ஜாரி பூங்காவை ஒட்டிய வில்லரேயும் அதற்கு மேற்கே உள்ள பார்க் எக்ஸ்ரென்ஷனும் மாநகராட்சியின் ஒரே நிர்வாக வட்டாரத்துக்குள் வருகின்றன. 1980களிலிருந்து ஈழத்தமிழர் குடியேறி வாழ்ந்துவரும் சுற்றுவட்டம் இது. 1977ஆம் ஆண்டின் 101ஆம் சட்டப்படி குடியேறியவர்களின் பிள்ளைகள், சில விலக்குகள் தவிர, பிரெஞ்சுப் பள்ளிக்கே போக வேண்டும். ஆகவே இங்கே ஒரு தமிழ்ப் பிள்ளையின் கொப்பியில் கியூபெக்கின் பள்ளிக் கணிதமும் வீட்டார் நம்பும் ரியூசன் கணிதமும் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கும்.

சிக்காகோவிலிருந்து வந்த விடை

முதல் முயற்சிகள் 1920களின் அமெரிக்காவில் நடந்தன. சிக்காகோவுக்கு அருகே வினெற்கா என்ற ஊரில் கார்ல்ற்ரன் வோஷ்பேர்ண் பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அலகலகாக முன்னேறும் ஏற்பாட்டைச் செய்தார். சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பள்ளியில் ஹென்றி மொறிசன் "சோதி, கற்பி, மறுபடி சோதி" என்ற சுழற்சியைக் கொண்டுவந்தார். இரண்டும் சில பத்தாண்டுகளில் மறக்கப்பட்டன.

1963இல் ஜோன் கரொல் எழுதிய ஒரு கட்டுரை விவாதத்தின் அடித்தளத்தையே மாற்றியது. ஒரு பிள்ளைக்குக் கணிதம் வரும், இன்னொன்றுக்கு வராது என்று சொல்வதற்குப் பதிலாக, ஒன்றுக்குக் குறைந்த நேரம் தேவை, மற்றதற்குக் கூடிய நேரம் தேவை என்று சொல்லலாம் என்றார் கரொல். கற்றலின் அளவு என்பது செலவிட்ட நேரத்துக்கும் தேவைப்பட்ட நேரத்துக்கும் உள்ள விகிதம். இதைப் பிடித்துக்கொண்ட பெஞ்சமின் புளூம் 1968இல் வகுப்பறைக்கான நடைமுறையை வகுத்தார். ஓரிரு வாரப் பாடம் ஓர் அலகு. அதன் முடிவில் மதிப்பெண் போடாத சோதனை. 80 அல்லது 90 சதவீதத்தை எட்டாதவர்களுக்கு வேறு விதமான விளக்கம், திருத்தப் பயிற்சி, பிறகு மறுசோதனை. எட்டியவர்களுக்கு அதே பாடத்தில் ஆழமான வேலை. இப்படிச் செய்தால் மேல்தட்டில் உள்ள சிலர் இன்று எட்டும் இடத்தைப் பத்தில் ஒன்பது பிள்ளைகள் எட்ட முடியும் என்று அவர் நம்பினார். 1984இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, தனி ஆசிரியரிடம் படித்த சராசரிப் பிள்ளை வழக்கமான வகுப்பின் சராசரியைவிட இரண்டு திட்டவிலகல் மேலே நின்றதாகவும், முழுத்தேர்ச்சி வகுப்பில் ஒரு திட்டவிலகல் முன்னேற்றம் கிடைத்ததாகவும் சொன்னது.

அந்த இரண்டு என்ற எண் இன்றும் கல்வி மாநாடுகளில் உலாவுகிறது. அதன் பின்னால் இருந்தவை புளூமின் மாணவர்கள் இருவரின் முனைவர்பட்ட ஆய்வுகள். அவற்றில் தனிப்பயிற்சிப் பிள்ளைகளுக்கு வைத்த தேர்ச்சி எல்லை 90 சதவீதம், முழுத்தேர்ச்சி வகுப்புக்கு 80. ஒப்பீடு சமதளத்தில் நடக்கவில்லை என்று பின்னாளில் சுட்டிக்காட்டப்பட்டது. 2011இல் கேர்ட் வான்லேன் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தனிப்பயிற்சியின் பலன் ஏறத்தாழ 0.8 திட்டவிலகல் என்று வந்தது. பெரிய பலன்தான், ஆனால் இரண்டு அல்ல.

வகுப்பறை முறையைப் பற்றிய சண்டை இன்னும் கூர்மையானது. 1987இல் ரொபேர்ட் ஸ்லாவின், குறைந்தது நான்கு வாரம் நடந்த, பொதுத் தரச்சோதனையால் அளந்த ஆய்வுகளை மட்டும் எடுத்தார். பலன் ஏறக்குறையப் பூச்சியம். 1990இல் குலிக் குழுவினர் 108 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். அரைத் திட்டவிலகல் பலன் வந்தது, அதுவும் பின்தங்கியவர்களிடம் கூடுதலாக. இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. கற்பித்த பாடத்தையே கேட்கும், ஆய்வாளரே தயாரித்த சோதனையில் பலன் பெரிதாகத் தெரிகிறது. பிள்ளை ஆண்டு முழுவதும் படித்ததைப் பரவலாகக் கேட்கும் சோதனையில் அது கரைந்துவிடுகிறது. திருத்தப் பயிற்சிக்கு எடுத்த நேரம் வேறு எந்தப் பாடத்திலிருந்தோ கழிந்திருக்கிறது என்பதே இதற்கு ஸ்லாவின் தரப்பு தந்த விளக்கம்.

என் பார்வையில் இந்த விவாதம் முழுவதையும் திறக்கும் சாவி இங்கேதான் இருக்கிறது. காத்திருப்பதற்கான நேரத்தை ஒவ்வொரு கற்பித்தல் முறையும் எங்கிருந்தோ எடுக்கிறது. யாரிடமிருந்து எடுக்கிறது என்று பார்த்தால் முறைகளுக்கிடையே உள்ள உண்மையான வேறுபாடு தெரிந்துவிடும்.

சிங்கப்பூர், ஷங்காய், இங்கிலாந்து

இன்று இங்கிலாந்தில் முழுத்தேர்ச்சி என்று சொன்னால் ஆசிரியர்கள் புளூமை நினைப்பதில்லை, சிங்கப்பூரை நினைக்கிறார்கள். இது ஏறத்தாழ எதிர்த்திசையில் போகும் முறை. புளூமிடம் வகுப்பு இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும். இங்கே வகுப்பு பிரிவதே இல்லை. தலைப்புகள் குறைவு, ஒவ்வொன்றிலும் தங்கும் நாட்கள் அதிகம், எல்லோரும் சேர்ந்தே நகர வேண்டும். முதலில் கையில் பிடிக்கும் பொருள், அடுத்து படம், கடைசியில் குறியீடு என்ற வரிசை ஜெரோம் புரூனர் 1960களில் எழுதியதிலிருந்து வந்தது. 1980களில் கோ தெக் ஹொங் தலைமையில் சிங்கப்பூர்க் கல்வி அமைச்சின் குழு அதைப் பாடநூலாக்கியது.

அதன் சிறப்பை ஒரு கணக்கில் காட்டலாம். ஜோன்-தலோன் சந்தையில் ஒரு வியாபாரி தன் ஆப்பிள்களில் ஐந்தில் இரண்டு பங்கை விற்றுவிட்டார், 36 மிஞ்சியிருக்கிறது. தொடக்கத்தில் இருந்தவை எத்தனை? பிள்ளை ஒரு நீளப் பட்டையை வரைந்து ஐந்து கட்டமாகப் பிரிக்கிறது. இரண்டு கட்டத்தை நிழலிடுகிறது. மிஞ்சிய மூன்று கட்டம் 36 என்றால் ஒரு கட்டம் 12, ஐந்து கட்டம் 60. அடுத்த கணக்கில் ஒரே ஒரு விவரம் மாறும்: விற்றது 36. இப்போது இரண்டு கட்டம் 36, ஒன்று 18, மொத்தம் 90. மூன்றாவதில், விற்றதைவிட மிஞ்சியது 36 கூட. ஒரே கட்டம் 36, மொத்தம் 180. எண்களும் பின்னமும் மாறவில்லை. 36 எந்தக் கட்டத்துக்கு உரியது என்பது மட்டும் மாறுகிறது. வாய்பாட்டை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பிள்ளை இரண்டாவது கணக்கிலேயே மாட்டிக்கொள்ளும். இப்படி ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை நிறுத்திவைக்கும் உத்தியை ஷங்காய் ஆசிரியர்கள் ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள்.

இந்த எண்ணங்களில் ஒரு பகுதி கியூபெக்குக்குப் புதிதல்ல. ஒன்று, பத்து, நூறு என்று மரக்கட்டைகளால் இடமதிப்பைக் காட்டும் முறையைப் பரப்பிய சோல்தன் டீனஸ் என்ற ஆய்வாளர் 1960களின் நடுப்பகுதியிலிருந்து மொன்றியலுக்குக் கிழக்கே உள்ள ஷேர்புறூக் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு மையத்தை நடத்தியவர். ஒரே கருத்தைப் பல வடிவங்களில் காட்ட வேண்டும் என்ற அவருடைய கொள்கையைச் சிங்கப்பூர்ப் பாடநூல்களில் தெளிவாகக் காணலாம். வெளிநாட்டிலிருந்து வந்த புதுமை என்று இதை மொன்றியலில் அறிமுகப்படுத்துவோர் அந்தப் பெயரையும் சொல்வது நியாயம்.

இங்கிலாந்து 2014இல் ஷங்காயோடு ஆசிரியர் பரிமாற்றம் தொடங்கியது. 2016இல் 8,000 தொடக்கப் பள்ளிகளுக்கு இந்த முறையைக் கொண்டுபோக 41 மில்லியன் பவுண் ஒதுக்குவதாக அறிவித்தது. பலன்? ஆர்க் அறக்கட்டளையின் கணிதத் திட்டத்தை வைத்து நடந்த சீரற்ற சோதனையில், 2015இல் வெளிவந்த முடிவுப்படி, ஓராண்டுக்குப் பின் தொடக்கப் பள்ளியில் 0.10 திட்டவிலகல், இடைநிலைப் பள்ளியில் 0.06. செலவு குறைவு என்பதால் பயனுள்ளது என்று சிலர் கருதுகிறார்கள். ஷங்காய்ப் பரிமாற்றத்தை ஷெஃபீல்ட் ஹாலம் பல்கலைக்கழகம் மதிப்பிட்டபோது, முறையைக் கைக்கொண்ட வகுப்புகளில் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் நன்மைக்கான அறிகுறி தெரிந்தது. பதினொரு வயதுச் சோதனையில் தெரியவில்லை.

குறைந்த பலனுக்குக் காரணம் நேரக் கணக்கில் இருக்கக்கூடும். ஷங்காயில் தொடக்கப் பள்ளியிலேயே கணிதத்துக்கெனத் தனி ஆசிரியர் உண்டு. அவர் ஒரு நாளில் இரண்டு பாடவேளைதான் எடுக்கிறார். மீதி நேரத்தில் கொப்பி திருத்துகிறார், அன்று விளங்காத பிள்ளையை அன்றைக்கே கூப்பிட்டு உட்காரவைக்கிறார். காத்திருக்கும் நேரம் ஆசிரியரின் அட்டவணையிலிருந்து வருகிறது. இங்கிலாந்து பாடநூலை வாங்கியது, அந்த அட்டவணையை வாங்கவில்லை. சிங்கப்பூரின் வெற்றியிலும் தனியார் ரியூசனின் பங்கைப் பிரித்தெடுப்பது கடினம்.

தமிழ்நாட்டின் ஏணி

தமிழ்நாடு இதே கேள்விக்கு இரண்டு தடவை விடை சொல்லிப் பார்த்தது. ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை முறையைத் தழுவி 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. எம்.பி. விஜயகுமார் இ.ஆ.ப. முன்னின்று நடத்திய அது சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. சுவரில் ஏணி, கையில் அட்டை, ஒரு படி முடித்தால்தான் அடுத்த படி. வினெற்காவின் எண்ணத்துக்கு இவ்வளவு பெரிய அளவில் உருவம் கொடுத்த இடங்கள் உலகில் அதிகம் இருக்க முடியாது. ஆனால் ஒரே அறையில் நாற்பது பிள்ளைகள் நாற்பது படிகளில் நிற்கும்போது, யார் உண்மையிலேயே படி ஏறினார், யார் அட்டையை மட்டும் மாற்றினார் என்று பார்க்க ஓர் ஆசிரியரால் முடியுமா என்ற ஐயம் கடைசிவரை நீங்கவில்லை.

பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் நாற்பது படிகளை மூன்றாகச் சுருக்கியது என்று சொல்லலாம். வயதை விட்டு, பிள்ளை நிற்கும் இடத்தைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். ஆசிரியருக்குக் கையாள எளிது. அரும்பிலிருந்து பிள்ளை எவ்வளவு விரைவில் வெளியே வருகிறது என்பதை வைத்தே இதை மதிப்பிட முடியும்.

கியூபெக் எடுத்த வேறு வழி

கியூபெக்கின் விடை முழுத்தேர்ச்சிக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. 2001இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் கணிதத்தை மூன்று திறன்களாக வகுத்தது: சூழல்கணக்கைத் தீர்ப்பது, கணித முறையில் காரணம் கண்டு வாதிப்பது, கணித மொழியில் தெரிவிப்பது. சூழல்கணக்கு என்பது நாம் பழகிய வசனக்கணக்கு அல்ல. பல பக்க விவரங்கள், விலைப்பட்டியல், கட்டுப்பாடுகள், ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள். எந்தச் செய்கையை எங்கே பயன்படுத்துவது என்று பிள்ளையே முடிவெடுக்க வேண்டும். முழுத்தேர்ச்சி முறைமீது கியூபெக்கின் கணிதக்கல்வி ஆய்வாளர் பலர் வைக்கும் விமர்சனமும் இதிலிருந்தே வருகிறது. ஒவ்வோர் அலகிலும் 90 எடுத்த பிள்ளைக்கு, எந்த அலகின் அறிவு இப்போது தேவை என்று தெரியாமல் போகலாம். அந்தத் தேர்வுதான் கணிதம் என்பது அவர்கள் வாதம். கனமான வாதம்தான்.

காத்திருக்கும் நேரத்தை அந்தச் சீர்திருத்தம் நாட்காட்டியிலிருந்து எடுக்க முயன்றது. இரண்டு வகுப்புகள் சேர்ந்து ஒரு சுழற்சி, பிள்ளைக்கு இரண்டு ஆண்டு அவகாசம். நல்ல எண்ணம். பெற்றோருக்கு மதிப்பெண் விளங்கவில்லை என்ற எதிர்ப்பு எழ, 2007இல் சதவீதமும் குழுச் சராசரியும் அறிக்கை அட்டைக்குத் திரும்பின. ஆண்டுக்காண்டு சதவீதம் போடத் தொடங்கிய பிறகு இரண்டு ஆண்டு அவகாசம் பெரும்பாலும் காகிதத்தில் நின்றுவிட்டது. இன்று தொடக்கப் பள்ளி மேல்வகுப்புகளில் சூழல்கணக்குக்கு 30 சதவீதமும் காரணகாரியத்துக்கு 70 சதவீதமும் எடை. தேர்ச்சி எல்லை 60. புளூமின் கண்ணால் பார்த்தால், பத்தில் நான்கு பங்கு பிடிபடாமலேயே ஒரு பிள்ளை அடுத்த ஆண்டுக்குப் போகலாம் என்று இதற்குப் பொருள்.

சான்றுகளோ ஒன்றோடொன்று மோதுகின்றன. மொன்றியலிலுள்ள கியூபெக் பல்கலைக்கழகத்தின் பொருளியலாளர்கள் கத்தரின் ஹேக், பியேர் லெஃபேவ்ர், ஃபிலிப் மெறிகன் 2014இல் வெளியிட்ட ஆய்வு, கனடாவின் பிற மாகாணப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு, சீர்திருத்தத்துக்குப் பின் கியூபெக் பிள்ளைகளின் கணித அடைவு எல்லா மட்டத்திலும் சரிந்தது என்றது. மறுபக்கம் பீசா என்ற சர்வதேச மாணவர் தேர்வில் கியூபெக்கின் கணிதச் சராசரி 2003இல் 537, சீர்திருத்தத் தலைமுறை எழுதிய 2012இல் 536. அதே காலத்தில் கனடாவின் சராசரி 532இலிருந்து 518க்கு இறங்கியது. 2022இலும் கியூபெக் 514, கனடா 497. சீர்திருத்தம் கெடுத்தது என்பவர் முதல் ஆய்வைக் காட்டுகிறார், கெடுக்கவில்லை என்பவர் இரண்டாவதை. பீசா மாதிரிகளில் பள்ளிகளின் பங்கேற்பு சில ஆண்டுகளில் குறைவாக இருந்தது என்பதையும், சராசரி உயரமாக இருக்கும்போதே ஏற்றத்தாழ்வு பெரிதாக இருக்க முடியும் என்பதையும் இரு தரப்பும் கணக்கில் எடுக்க வேண்டும். தனியார் பள்ளிகளும் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் சிறப்புத் திட்டங்களும் நல்ல மாணவரை உறிஞ்சிக்கொள்வதால் கியூபெக்கின் பள்ளி அமைப்பு கனடாவிலேயே மிகச் சமமற்றதாகிவிட்டது என்று மாகாணத்தின் கல்வி உயர் பேரவை 2016இல் எச்சரித்தது. வில்லரேயின் சாதாரண அரசுப் பள்ளி அந்த அமைப்பின் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

இவற்றுக்கிடையே ஸ்ரீவ் பிசொனெற், கிளேர்மொன் கோத்தியே போன்ற கல்வியியலாளர்கள் வெளிப்படையாகப் படிப்படியாகக் கற்பிக்கும் முறைக்காகப் பல ஆண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள். ஆசிரியர் செய்துகாட்டுகிறார், சேர்ந்து செய்கிறார்கள், பிள்ளை தனியாகச் செய்கிறது, ஒவ்வொரு கட்டத்திலும் விளங்கியதா என்று பார்க்கப்படுகிறது. பெயர் வேறானாலும் இது புளூமின் நெருங்கிய உறவு. 2023 டிசெம்பரில் நிறைவேறிய 23ஆம் சட்டம் ஒரு தேசியக் கல்வி உன்னத நிறுவனத்தை உருவாக்கியபோது, ஒரே ஒரு முறையை ஆய்வு முத்திரையோடு பள்ளிகள்மீது திணிக்கும் வழி இது என்று கல்வியியலாளர் பலர் எதிர்த்ததற்கு இந்தப் பழைய பகையும் ஒரு காரணம்.

ஒரு கொப்பியில் இரண்டு கணிதம்

வில்லரேயில் இந்த விவாதம் வேறு முகம் காட்டுகிறது. யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ படித்த தாய்க்குப் பிள்ளையின் நெடும்பிரித்தல் அந்நியமாகத் தெரியும். நாம் இடப்பக்கம் எழுதும் வகுஎண் இங்கே வலப்பக்கம், ஈவு அதற்குக் கீழே. தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. இவை சின்ன விடயங்கள், ஒரு மாதத்தில் பழகிவிடும். பெரிய வேறுபாடு வரிசையில் இருக்கிறது. பாடத்திட்டம் முதல் சுழற்சியில் கூட்டல் கழித்தலையும், இரண்டாவது சுழற்சியில் பெருக்கலையும் பிள்ளை தானே கண்டுபிடித்த வழியில் செய்ய விடுகிறது. பெருக்கலின் வழக்கமான செய்முறை மூன்றாவது சுழற்சியில், அதாவது ஐந்தாம் ஆறாம் வகுப்பில்தான் எதிர்பார்க்கப்படுகிறது. நாலாம் வகுப்பில் இன்னும் பெருக்கத் தெரியாதா என்று பதறும் பெற்றோர் சனிக்கிழமை ரியூசனில் சேர்க்கிறார்கள். அங்கே செய்முறை வந்துவிடுகிறது, ஏன் அப்படிச் செய்கிறோம் என்பது பல வேளைகளில் வருவதில்லை.

ரியூசன் மரபை இழித்துப் பேசுவது எளிது. ஆனால் அதன் ஒரு வடிவம் முழுத்தேர்ச்சியின் தூய வடிவம். ஒசாக்காவில் ரோரு குமோன் என்ற கணித ஆசிரியர் 1954இல் தன் மகனுக்கு எழுதிக்கொடுத்த பயிற்சித்தாள்களிலிருந்து வளர்ந்த நிறுவனம், குறித்த நேரத்தில் பிழையின்றிச் செய்தால் மட்டுமே அடுத்த தாளைத் தருகிறது. வகுப்பு வயது அங்கே கணக்கில்லை. காத்திருக்கும் நேரம் வருவது பிள்ளையின் சனிக்கிழமையிலிருந்தும் பெற்றோரின் சம்பளத்திலிருந்தும். இரண்டு வேலை பார்க்கும் வீட்டிலோ, மாதக் கட்டணம் கட்ட முடியாத வீட்டிலோ அந்த நேரம் கிடைக்காது.

எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது மொழி. புதிதாக வந்த பிள்ளை முதலில் வரவேற்பு வகுப்பில் பிரெஞ்சு படிக்கிறது, பிறகு வழக்கமான வகுப்புக்கு மாறுகிறது. மாறிய முதல் ஆண்டிலேயே பல பக்கச் சூழல்கணக்கை வாசித்துத் தீர்க்க வேண்டும். அங்கே அது தடுக்கி விழுந்தால், விழுந்தது பின்னத்திலா பிரெஞ்சிலா என்று விடைத்தாளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அலகுக்கு ஒரு சிறு சோதனை வைக்கும் முறைக்கு இந்த ஓரிடத்தில் தெளிவான மேன்மை உண்டு. பட்டை வரைந்து 60 என்று எழுதிய பிள்ளைக்குப் பின்னம் தெரியும், இனி மொழியைக் கவனித்தால் போதும். அதே சமயம், மொழி வரும்வரை சூழல்கணக்கை ஒளித்து வைத்தால் அந்தப் பிள்ளைக்கு எப்போதும் இலகு கணக்கே கிடைக்கும் என்ற எதிர்வாதத்தையும் ஒதுக்க முடியாது.

2023இன் இறுதியில் ஆசிரியர் கூட்டமைப்பு ஒன்றின் வேலைநிறுத்தத்தால் மொன்றியலின் பிரெஞ்சு அரசுப் பள்ளிகள் பல வாரங்கள் மூடிக்கிடந்தன. 2024 ஜனவரியில் அரசு 300 மில்லியன் டொலர் ஈடுசெய் திட்டத்தை அறிவித்தது. பெருந்தொற்றுக் காலத்தில் செய்ததுபோல எவை முதலில் கற்பிக்க வேண்டியவை என்று பட்டியலிடும் பழக்கமும் வந்துவிட்டது. நேரம் குறைந்தால் தலைப்புகளைக் குறைப்பது சிங்கப்பூர்ப் பாடநூல்கள் விரும்பித் தேர்ந்த வழி. கியூபெக்குக்கு அது நெருக்கடியில் நேர்ந்தது.

தீராமல் இருப்பவை

அலகு முடிவில் சோதித்துத் திருத்துவது பின்தங்கிய பிள்ளைக்குச் சிறிதளவாவது உதவுகிறது என்பதற்கு ஓரளவு நம்பத்தக்க சான்று உண்டு. வகுப்பு முழுவதையும் சேர்த்து நகர்த்தும் முறை ஓராண்டில் தருவது சிறு பலன். ஐந்தாறு ஆண்டு தொடர்ந்தால் அது கூடுமா கரையுமா என்பது தீராத கேள்வி. விளங்கிய பிள்ளைக்கு ஆழமான வேலை கொடுக்கும் பகுதி எந்த முறையிலும் வலுவாக இல்லை. வகுப்பு காத்திருக்கும்போது அந்தப் பிள்ளைக்கு என்ன நேர்கிறது என்பதை ஆய்வுகள் போதிய அளவு அளக்கவில்லை. சூழல்கணக்கும் படிப்படிக் கற்பித்தலும் எதிரிகள் என்று பேசுவது ஆய்வாளருக்கு வசதி. ஆசிரியர் பலர் இரண்டையும் கலந்தே நடத்துகிறார்கள், அந்தக் கலவையின் விகிதம் பற்றிய ஆய்வு மிகவும் குறைவு. மேலே சொன்ன பெரிய ஆய்வுகள் எவையும், வீட்டில் ஒரு மொழி பேசி இரண்டாவது அல்லது மூன்றாவது மொழியில் கணிதம் படிக்கும் பிள்ளையை மையமாக வைத்தவை அல்ல. வில்லரே போன்ற வட்டாரத்துக்கு அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

அந்த ஆய்வு வரும்வரை பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அறிக்கை அட்டையில் கணிதம் 64 என்று வந்தால், தேர்ச்சி என்று மடித்து வைக்காதீர்கள், குழுச் சராசரியோடு ஒப்பிட்டுப் பிள்ளையைக் கடியவும் வேண்டாம். ஆசிரியர் சந்திப்பில் அந்த 36 எந்தப் பாடங்களில் போனது, பிழை கணிதத்திலா வாசிப்பிலா என்று கேளுங்கள். யூன் முடிவதற்குள் கேட்டால், கோடை விடுமுறையில் அந்தப் பாடங்களை மட்டும் படிப்பிக்கலாம்.